யாம் மனை வாங்கிய வரலாறு

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டையும் அடிக்கடி வாங்குகின்றோம். இன்று வாங்கியது தீதாயின் பின்னர் நல்லது வாங்கிக்கொள்ளலாம். உறையுள் அத்தகையதன்று. மாதச் சம்பளத்தால் வாழும் குடும்பத்தார் தம் வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறையே நிலம் வாங்குவர். அதனிற் பிழை நேர்ந்தால் அப்பிழையின் மேலேயே வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். அன்றேல் அதனைப் பிறரொருவர் தலையிற் சுமத்திவிட்டு மீளுதல் வேண்டும். யாம் இவ்விரண்டும் செய்யாது, 2008-ஆம் ஆண்டில் வாங்கிய அரைக் கிரவுண்டு மனை ஒன்றை இன்றளவும் வைத்துக்கொண்டிருக்கின்றோம். மனையிற் பணம் போட்டுப் பெருக்கலாமா என்று எம்மிடம் யோசனை கேட்க வருவோர்க்கெல்லாம் இக்கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்தமையால், ஒருமுறை எழுதிவிடத் துணிந்தோம்.

அக்காலத்திற் சென்னையின் தென்புறம் எங்கும் ஒரே பேச்சு. தரமணியில் டைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரச் சாலை 2008-இல் ஆறு வழிச் சாலையாயிற்று. மறைமலைநகரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலை நடந்துகொண்டிருந்தது. கணிப்பொறி வேலைக்கு வந்த இளைஞர் வீடு தேடினர். வீடு தேடுவோரைக் கண்டு வீடு கட்டுவோர் பெருகினர். இவ்விருவரையும் கண்டு, வீடும் வேண்டாது கட்டவும் எண்ணாது, வாங்கி வைத்து விற்றாற் பொருள் வரும் என்று நிலம் தேடுவோர் பெருகினர். யாம் இம்மூன்றாம் வகுப்பைச் சார்ந்தோம். மகளின் படிப்புக்கும் மணத்துக்கும் ஆகும் என்று சொல்லிக்கொண்டோமாயினும், உள்ளத்தில் இருந்தது பிறர் பெருக்குகின்றனரே என்னும் பொறாமைதான்.

தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் அருகே ஞாயிறுதோறும் காலையில் நான்கைந்து வாகனங்கள் நிற்கும். மனை விற்போர் தம் செலவிலேயே மக்களை ஏற்றிச் சென்று, காலையில் இட்டலியும் நண்பகலிற் பிரியாணியும் அளித்து, மாலையிற் கொண்டுவந்து விடுவர். ஆராதனைக்குச் செல்லாது அவ்வாகனத்தில் ஏறியதே முதற்பிழை என்று எம் மாமியார் இன்றும் கூறுவார். கூடுவாஞ்சேரிக்கு மேற்கே சில கல் தொலைவு சென்று இறங்கினோம். நுழைவாயிலில் இரும்பு வளைவு, அதன்மேற் பல நிறக் கொடிகள், செம்மண் பரப்பிய சாலைகள், மஞ்சள் வண்ணம் பூசிய எல்லைக்கற்கள், மனைக்கொரு தென்னங்கன்று. ஓர் ஓரத்திலே கோரை அடர்ந்து முளைத்திருந்தது. குளிர்ச்சியான இடம் என்று மகிழ்ந்தோம்! கோரை எங்கே முளைக்கும் என்பது உழவர் வீட்டுச் சிறுவனும் அறிந்தது. புத்தகம் படித்த எமக்கு அது தோன்றவில்லை.

சதுர அடி 300 ரூபாய். 1,200 சதுர அடிக்கு 3,60,000 ரூபாய். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், தரகு ஆகிய எல்லாம் சேர்ந்து நான்கு இலட்சத்தைத் தொட்டது. எம் மனையாளின் இருபது சவரன் நகையை விற்றோம். மிகுதிக்குச் சேமநிதியிற் கடன் பெற்றோம். மனைக்காக மனையாளின் கழுத்தை வெறுமையாக்கினோம் என்று எம் நண்பராகிய தமிழாசிரியர் ஒருவர் சிலேடை சொன்னார். எமக்கு அன்று சிரிப்பு வந்தது.

எம் சிறிய தந்தையார் நில அளவைத் துறையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வாங்குவதற்கு முன்னரே அவரை அழைத்துச் சென்றிருக்கலாம். முதியவரை வெயிலில் அலைக்கலாகாது என்று காரணம் கூறிக்கொண்டோம். உண்மையில், அவர் வேண்டா என்று சொல்லிவிடுவாரோ என்னும் அச்சமே காரணம். பதிவு முடிந்து இரண்டு திங்கள் கழிந்தபின் பத்திரங்களை அவர் முன் வைத்தோம். அவர் விலையைப் பார்க்கவில்லை. விற்றவர் பெயரையும் பார்க்கவில்லை. சக்குபந்தி என்று பத்திரத்தில் எழுதப்படும் நான்கெல்லையை மட்டும் விரல் வைத்துப் படித்தார். பின்னர்த் தாய்ப்பத்திரத்தின் படியை எடுத்து அதன் நான்கெல்லையைப் படித்தார். இரண்டையும் அருகருகே வைத்து எம்மைப் பார்த்தார்.

எம் பத்திரத்தில் வடக்கெல்லை 20 அடிச் சாலை என்றிருந்தது. மனை பிரிப்பதற்கு முன்னர் அந்நிலம் புஞ்சையாக இருந்த காலத்துப் பழைய பத்திரத்தில், அதே வடக்கெல்லை ஏரிக் கலங்கல் ஓடை என்றிருந்தது.

“ஓடை எங்கே போயிற்று?” என்று கேட்டார். யாம் விடை சொல்லவில்லை. “அது எங்கும் போகவில்லை. அதன்மேற் செம்மண் கொட்டியிருக்கின்றார்கள். மழை வரும்போது அது தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வரும்” என்றார்.

ஈண்டுக் கலங்கல் என்பதனைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும்; நகரத்து மாணவர் பலர் இச்சொல்லையே கேட்டிரார். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளால் வாழ்ந்த நாடு. அவ்வேரிகள் தனித்தனியே நிற்பன அல்ல. சங்கிலி போலத் தொடர்ந்தவை. மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கரையை உடையாதபடி வழிந்தோடுதற்குக் கல்லாற் கட்டிய வழியே கலங்கல். அங்கிருந்து புறப்படும் ஓடை கீழுள்ள ஏரிக்குச் செல்லும், அதன் கலங்கல் அடுத்ததற்குச் செல்லும், ஈற்றில் ஆறு. ஆதனூர் ஏரியை அடுத்துத் தொடங்கும் அடையாறு இங்ஙனம் பல ஏரிகளின் மிகைநீரை ஏற்றுக் கடலுக்குச் செல்வதே. பாசனத்துக்கு நீர்விடும் மதகின் வாய்க்கால் ஆண்டுதோறும் ஓடும். அதனை உழவர் மறவார். கலங்கல் ஓடையோ ஏரி நிரம்பிய ஆண்டில் மட்டும் ஓடும். ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து மழை குன்றினால் அவ்வோடை வெறுந்தரையாகக் கிடக்கும். அத்தகைய ஆண்டிலே அதனைச் சாலை என்று காட்டி விற்பது எளிது. கழனியில் உழவு நின்றபின் ஏரி யாருக்கும் வேண்டாததாயிற்று; வேண்டாத பொருளுக்குக் காவல் ஏது?

ஏரியை நம்பி வீட்டைக் கட்டியவருள் யாம் முதல்வர் அல்லேம். இன்று அங்காடிகள் நிறைந்த தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்துப் பேரேரியின் நீரை வடித்து அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ சாலை என்று ஒன்று இன்றும் உண்டு. அங்கே நின்று எத்திசை நோக்கினும் ஏரியைக் காணமுடியாது. அங்கு மனை வாங்கியவர் குடும்பங்களிற் பல பின்னர்ச் செல்வமடைந்தன. தாம்பரமும் அத்தகைய வளர்ச்சி கண்டதே. 1931-இற் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. 1937-இற் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நடுவை விட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அதனாலேதான் ‘இன்று காடு, நாளை நகர்’ என்று தரகர் சொல்லும்போது எவரும் மறுத்துரைக்க இயல்வதில்லை. அவர் சொல்வது பொய்யன்று. வடித்த ஏரிக்கும் வடிக்காத ஓடைக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் அவர் சொல்வதில்லை.

சிறிய தந்தையார் சொல்லியது போலவே ஓடை தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் இரு நாள்களிற் பெய்த மழையை இப்பக்கத்தார் எவரும் மறவார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. நான்காம் நாள் யாம் மனையைக் காணச் சென்றோம். செம்மண் சாலை இருந்த இடத்தில் ஆறு ஓடிற்று. மஞ்சட் கற்களில் ஒன்றும் தெரியவில்லை. எமக்கு முன்னரே அங்கு வீடு கட்டியிருந்த ஒரு குடும்பத்தார் மாடியில் நின்று துணியை ஆட்டிக்கொண்டிருந்தனர். மனையிற் பணம் இழந்தோம் என்னும் எண்ணம் அப்பொழுது எமக்கு வரவில்லை. கட்டாதிருந்தோமே என்னும் நன்றியே வந்தது. பணத்தைப் பற்றிய எண்ணம் வீடு திரும்பி, உலர்ந்த ஆடை உடுத்தி, தேநீர் குடித்தபின் வந்தது.

அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளிலுள்ள மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. தமிழகம் முழுதும் மனை வாணிகம் நின்றது. நவம்பர் 8-ஆம் நாள் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவாயின. நிலத்தின் விலையிற் பாதியைத் தாளாகவே கைமாற்றி வந்த வழக்கத்துக்கு அது பேரிடியாயிற்று. இவ்விடத்து யாம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எம் பத்திரத்தில் எழுதப்பட்ட விலை 3,60,000 அன்று, 1,44,000. அரசின் வழிகாட்டி மதிப்பு அவ்வளவாக இருந்தது, எல்லாரும் அங்ஙனமே எழுதினர், யாமும் எழுதினோம். முத்திரைத்தாளிற் சில ஆயிரம் மிச்சமாயிற்று என்று மகிழவும் செய்தோம். அரசினரை ஏய்த்தவர் பின்னர் மனை விற்றவரை ஏய்த்தான் என்று ஏசும்போது நாக்குச் சிறிது தடுமாறுகின்றது. நிற்க.

2017 மேத் திங்களில் அரசினர் முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டனர். 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்குள் பதிவாகிய மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். நீர்நிலைகளிலும் புறம்போக்கிலும் அமைந்தவை அதற்கு உரியன அல்ல. எம் மனை பட்டா நிலம், ஓடையன்று. ஆயினும் அதன் முகப்பாகிய சாலை கிராமப் புலப்படத்தில் ஓடையாகக் காண்பதால் எம் மனு நிறுத்திவைக்கப்பட்டது. வாயில் இல்லாத வீட்டைப் போல, சாலை இல்லாத மனையாயிற்று எமது. அடுத்த தெருவிலுள்ள மனைகளுக்கு அவ்விடையூறு இல்லை. அவற்றின் உடையவர்கள் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொண்டனர். ஓடைக்கும் அவர்கள் மனைக்கும் இடையே நாற்பதடி.

மனையால் வந்த ஊதியத்தைப் பற்றியும் கணக்கிட்டுக் காட்டுவோம். ஏனெனில் இவ்வாணிகத்திற் கணக்கைப் போல் மறைக்கப்படுவது பிறிதொன்றில்லை. 2022-இல் எம் மனைக்கு 16 இலட்சம் தருவதாகத் தரகர் சொன்னார். நான்கு இலட்சம் பதினாறு இலட்சமாயிற்று; நான்கு மடங்கு! கேட்போர் வாய் பிளப்பர். பதினான்கு ஆண்டில் நான்கு மடங்கு என்பது ஏழாண்டுக்கு ஒருமுறை இரட்டித்தல். அஃதாவது ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தரை விழுக்காடு கூட்டுவட்டி. அக்காலமெல்லாம் வருங்கால வைப்புநிதி எட்டு விழுக்காட்டைச் சூழ்ந்து, ஓடையுமின்றி வெள்ளமுமின்றி வழங்கிக்கொண்டே இருந்தது. இனி எம் மனையாளின் சவரன். 2008-இல் அது ஒன்பதாயிரத்தைச் சூழ இருந்தது; 2022-இல் 37,000-ஐக் கடந்தது. அதுவும் நான்கு மடங்கே, பெட்டியிற் கிடந்தபடியே! 2025-இற் சவரன் 90,000-ஐயும் தாண்டியபோது எம் மனையாள் செய்தித்தாளை மடித்து எம் மேசையின்மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாது சென்றாள்.

இன்னும் ஒன்று. ஊரிற் பேசப்படும் விலைகள் எல்லாம் விற்றவர் சொல்லும் விலைகள். விற்க இயலாதவர் அவ்வவையிற் பேசுவதில்லை. பத்துப் பேர் வாங்கி இருவர் நல்ல விலைக்கு விற்றால், அவ்விருவர் குரலே திருமண வீடுகளிற் கேட்கப்படும். எண்மரும் இலையைப் பார்த்து உண்டுகொண்டிருப்பர். யாம் அங்ஙனம் பல விருந்துகள் உண்டிருக்கின்றோம்.

நிலத்தில் இடர் உண்டெனில் அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விடலாமே என்பார் சிலர். 60 இலட்சத்துக்கு வாங்கிய வீடு மாதம் 15,000 வாடகை ஈட்டினால் ஆண்டுக்கு 1,80,000, மூன்று விழுக்காடு. அதனிலிருந்து சொத்து வரி, வெள்ளையடிப்பு, ஆளின்றிக் கிடக்கும் திங்கள்கள் ஆகியவற்றைக் கழித்தல் வேண்டும். அதற்கு 50 இலட்சம் கடன் பெற்று, வட்டி 7 விழுக்காடாக இருக்கையில் இருபது ஆண்டுத் தவணை வைத்தால் மாதம் ஏறத்தாழ 38,765 ரூபாய் கட்டவேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் அடிப்படை வட்டி 2020 மேத் திங்களில் 4 விழுக்காடாக இறங்கியிருந்தது. 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆயிற்று. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றோர் அதன் பயனைத் துய்த்தனர். மேற்சொன்ன கடனின் வட்டி 9 விழுக்காடானால், தவணைத் தொகையைக் கூட்டாது அதே 38,765 கட்டிவரும் ஒருவர்க்கு அக்கடன் தீர 38 ஆண்டு ஆகும்! வங்கியினர் தொகையைக் கூட்டாது ஆண்டைக் கூட்டுவதை இரக்கம் என்று எண்ணுவோர் இதனை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பாராக. அன்றியும், கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகும். விலை ஏறுவது அதன் கீழுள்ள நிலமே. அந்நிலத்திற் பிரிபடாப் பாகம் எவ்வளவு எழுதப்பட்டது என்று கேளாமலே, சலவைக்கல் தளத்தையும் நீந்தும் குளத்தையும் கண்டு முன்பணம் கொடுத்தவரை யாம் அறிவோம்.

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் வாங்குவோர்க்குக் காவல் மிகுந்தது என்பதை மறுத்தலாகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்போர் ஆணையத்திற் பதிவு செய்தல் வேண்டும்; வாங்குவோரிடம் பெற்ற தொகையில் நூற்றுக்கு எழுபதைத் தனிக் கணக்கில் வைத்து அப்பணிக்கே செலவிடல் வேண்டும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே இணையத்திற் காணலாம். எம் காலத்தில் இவை இருந்திருப்பின் தப்பியிருப்போமா? ஐயமே. தாய்ப்பத்திரம் எம் கையில் இருந்தது; யாம் படிக்கவில்லை.

விலை வீழும் காலத்தில் வாங்குவதே அறிவு என்று முதலீட்டு நூலோர் கூறுவர். 1942 ஏப்ரலிற் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் சப்பானியர் குண்டு வீசியபோது சென்னை மக்கள் நகரை விட்டு ஓடினர். வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுச் சென்றோர் உண்டு என்றும், அவற்றை வாங்கியோர் பிற்காலத்திற் செல்வராயினர் என்றும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். திருமறையில் இதனினும் வியத்தகு வாங்குதல் ஒன்று உண்டு. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில், சிறைச்சாலை முற்றத்திலிருந்த எரேமியா, ஆனதோத்திலிருந்த நிலத்தைத் தம் சிறிய தந்தையின் மகனிடம் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் மட்பாண்டத்தில் இட்டு வைக்கச் சொன்னார். சிறையிருப்பு எழுபது ஆண்டு நீளும் என்று அவரே முன்னர் உரைத்தவர். ஆதலின் அந்நிலத்தின் விலை தம் வாழ்நாளில் ஏறாது என்பதை அவர்போல் தெளிந்தவர் எவருமிலர். விற்பதற்காக வாங்கினாரல்லர். எம் பத்திரமும் இரும்புப் பேழையில் நெகிழித் தாளிற் சுற்றிக் கிடக்கின்றது. அவரோடு எமக்குள்ள ஒப்புமை அவ்வளவே.

இனி 2022-ஆம் ஆண்டு மாசித் திங்களில் நிகழ்ந்ததைக் கூறுவோம். கிளாம்பாக்கத்திற் புறநகர்ப் பேருந்து நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. விலை மீண்டும் ஏறிற்று. மகளின் மேற்படிப்புக்கு எமக்கு ஆறு இலட்சம் வேண்டியிருந்தது. தரகர் ஒருவர் ஆளை அழைத்து வந்தார். வந்தவர் வாடகை வாகனம் ஓட்டுபவர், அவர் மனைவி தையற்கூடத்தில் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புதிதாக நட்ட கற்கள் ஒளிவிட்டன. பத்திரம் முன்னரே மனையாகப் பதிவானதால் மறுபதிவுக்குத் தடையில்லை; வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் இடர் தெரியவரும். இதனை யாம் அறிவோம், தரகர் அறிவார், வந்தவர் அறியார்.

அவர் மனையின் நான்கு மூலையிலும் நடந்து பார்த்தார். குனிந்து மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்தார். பின்னர் எம்மை நோக்கி, “ஐயா, மழைக்கு இங்கே தண்ணீர் நிற்குமா?” என்று கேட்டார்.

தரகர் எம் முகத்தைப் பார்த்தார். யாம் வானத்தைப் பார்த்தோம். மாணாக்கர்க்கு ஒழுக்கம் போதித்து மூப்படைந்த எம் வாயினின்று ஒரு சொல்லும் எழவில்லை. எவ்வளவு நேரம் அங்ஙனம் நின்றோம் என்று கூறமாட்டோம். ஆறு இலட்சத்தையும் மகளையும் எண்ணிப் பார்க்கும் அளவு நேரம் என்று கொள்க. நிற்காது என்று சொல்லவேண்டுவதில்லை. ‘இப்பக்கத்தில் எங்குத்தான் நிற்காது’ என்று பொதுவாகச் சொன்னாலும் போதும். அவ்வாக்கியத்தை உள்ளத்திற் கோத்துக்கொண்டிருந்தோம்.

“நிற்கும் தம்பி. 2015-இல் மார்பளவு நின்றது. இந்தச் சாலையே ஓடைதான். இதற்குக் கட்டட அனுமதியும் கிடைக்கவில்லை” என்றாள் எம் மனையாள்.

தரகர் அன்று எம்மை வண்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை. பெருஞ்சாலைக்கு நடந்தே வந்தோம். வழியில் எம் மனையாள், “என் நகைதானே போயிற்று, நான் சொல்லலாம்” என்றாள். அவ்வளவே பேசினாள். மகள் வங்கியிற் கல்விக் கடன் பெற்றுப் படித்தாள். இன்று தன் சம்பளத்தில் அதனைத் தானே கட்டி வருகின்றாள்.

இத்துடன் முடிந்ததென்று எண்ணியிருந்தோம். நான்கு திங்கள் கழித்து அவ்வோட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த தெருவிலேயே முறைப்படுத்திய மனை ஒன்றை வாங்கிவிட்டதாகக் கூறினார். எமக்குத் திகைப்பாயிற்று. நீர் நிற்கும் என்று சொல்லினோமே என்றோம். “ஆம் ஐயா, அதைச் சொல்லித்தான் விலையில் நான்கு இலட்சம் குறைத்தேன்” என்றார். எம் குடும்பத்தார் சொல்லிய ஒரே ஓர் உண்மைக்கு நான்கு இலட்சம் விலை உண்டென்பதும், அது பிறர்க்குப் பயன்பட்டதென்பதும் அப்பொழுதுதான் தெரிந்தன! அவர் மேலும் சொன்னார்: “தண்ணீர் நிற்காத இடத்தின் விலையைக் கேட்டேன் ஐயா. அங்கே என்னைப் போன்றவர்கள் நிற்க முடியாது.” அதற்கு யாம் விடை கூறவில்லை, இன்றளவும் எம்மிடம் விடை இல்லை. மேட்டு நிலம் முழுதும் விலையால் மேல்நோக்கிச் சென்றுவிட்டபின், நகருக்கு வண்டி ஓட்டுவோரும் துணி தைப்போரும் ஓடைக்கரைக்கன்றி வேறெங்குச் செல்வர்? நீர்நிலையை ஆக்கிரமித்தோர் என்று செய்தித்தாள் அவர்களைத்தான் எழுதும்.

அவர் ஐந்தடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி, அதன்மேல் இரண்டறை வீடும் ஏழு படியும் கட்டினார். அம்மண் உயர்ந்ததால் ஓடையின் நீர் இனிச் சற்று எம் பக்கமே சாயும் என்று கணக்கிட்டோம். அதனை அவரிடம் சொல்லவில்லை. எம் மனையிற் கெட்டுப்போவதற்கு யாதுளது? புகுவிழாவுக்கு அழைத்தார், சென்று உண்டு வந்தோம். எம் மனையில் அவர் மனைவி வெண்டையும் கீரையும் விதைத்திருந்தார். கேட்டுத்தான் விதைத்தார். ஒரு பை நிறையக் காய் கொடுத்தனுப்பினார். பதினைந்து ஆண்டில் அம்மனை எமக்கு ஈந்த முதல் வருவாய் அதுவே.

2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மூன்றாம் நாள் மாலை அவர் குரல் கேட்டது.

“ஐயா, தண்ணீர் நாலாம் படியில் நின்றுவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை. உங்கள் மனையைப் பார்த்தேன். கல் ஒன்றும் தெரியவில்லை.”

எம் மனையாள் தொலைபேசியை எம் கையிலிருந்து வாங்கி, பிள்ளைகள் சாப்பிட்டார்களா, அரிசி இருக்கின்றதா என்று கேட்டாள்.